கூட்டணுமா, கழிக்கணுமா?

இந்த முறை வந்த கடிதங்களில் கணக்குப் பாடம் பற்றிய மூன்றை எடுத்துக்கொண்டேன். முதல் கடிதத்துக்கே அதிக இடம் போய்விட்டது. அதைக் கேட்டவர் ஒரு தாய்தான் என்றாலும், அது பல வீடுகளில் இருக்கும் கவலை.

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது. வெறும் கூட்டல், கழித்தல் என்றால் மளமளவென்று போட்டுவிடுவாள். அதையே வாக்கியமாகக் கொடுத்தால், படித்து முடிக்கும் முன்பே "கூட்டணுமா, கழிக்கணுமா அம்மா?" என்று கேட்கிறாள். 'மொத்தம்', 'அதிகம்' என்று வந்தால் கூட்டு, 'மீதி' என்று வந்தால் கழி என்று சொல்லிக்கொடுத்தேன். அப்படியும் தப்பு வருகிறது. இன்னும் நிறைய கணக்குகள் கொடுத்துப் பழக்க வேண்டுமா?

பதில்: நான் 31 வருடம் ஆரம்ப வகுப்புகளில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள். இந்தக் கேள்வி எழாத வகுப்பு ஒன்றுகூட எனக்கு வாய்த்ததில்லை. நீங்கள் சொல்லிக்கொடுத்த அதே குறுக்குவழியை நானும் முதல் ஐந்தாறு வருடம் சொல்லிக்கொடுத்தேன். அதில் பிள்ளைகளுக்கு நல்லது நடக்கவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

ஒரு கணக்கைப் பாருங்கள். 'அக்காவிடம் 8 பொத்தான்கள் இருக்கின்றன. தம்பியிடம் இருப்பதைவிட இது 3 அதிகம். தம்பியிடம் எத்தனை?' குறுக்குவழி தெரிந்த குழந்தை 'அதிகம்' என்ற சொல்லைக் கண்டதும் 11 என்று எழுதிவிடும். தம்பியிடம் இருப்பது 5 தான். அந்தக் குழந்தைக்குக் கூட்டவும் தெரியும், கழிக்கவும் தெரியும். ஆனால் அது கணக்கைப் படிக்கவே இல்லை, ஒரு சொல்லைத் தேடிப் பிடித்தது. அப்படித் தேடும்படி பழக்கியவர்கள் நாம்.

1970-களின் இறுதியில் பிரான்சின் கிரெனோபிள் நகரில், ஆரம்ப வகுப்புப் பிள்ளைகள் 97 பேரிடம் ஒரு கணக்கைக் கொடுத்தார்கள். 'ஒரு கப்பலில் 26 செம்மறி ஆடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன. கப்பல் தலைவரின் வயது என்ன?' இதற்கு விடையே கிடையாது. ஆனால் 76 பிள்ளைகள் அந்த எண்களை வைத்து ஒரு வயதைக் கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார்கள். இதைப் படித்த மறுநாளே என் வகுப்பிலும் கேட்டேன். எல்லோரும் குனிந்து எழுத ஆரம்பித்தார்கள். ஒரே ஒரு பெண் மட்டும் எழுந்து, "ஆட்டுக்கும் அவர் வயசுக்கும் என்ன டீச்சர் சம்பந்தம்?" என்றாள். அவளைக் கணக்கில் மெதுவானவள் என்று அதுவரை நான் எண்ணியிருந்தேன். அவள் மெதுவாகத்தான் படித்தாள், ஆனால் அத்தனை பேரிலும் உண்மையில் படித்தவள் அவள்தான். அதற்குப் பிறகு யார் முதலில் முடிக்கிறார்கள் என்று பார்ப்பதை நான் நிறுத்திவிட்டேன்.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? நிறைய கணக்குகள் வேண்டாம். ஒரு நாளைக்கு ஒன்று போதும். அதிலும் எண்களை மறைத்துவிடுங்கள். 'பேருந்தில் சிலர் இருந்தார்கள். ஒரு நிறுத்தத்தில் சிலர் இறங்கினார்கள், சிலர் ஏறினார்கள்' என்று மட்டும் சொல்லுங்கள். இப்போது பேருந்தில் கூட்டம் கூடியிருக்குமா, குறைந்திருக்குமா? "அது எப்படிச் சொல்ல முடியும்?" என்று அவள் கேட்டால், மிகச் சரியான பதிலைச் சொல்லிவிட்டாள் என்று அர்த்தம். என்ன தெரிந்தால் சொல்லலாம் என்று அவளிடமே கேளுங்கள். எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் இறங்கினார்கள் என்று அவளே கேட்பாள். அப்புறம் எண்களைக் கொடுங்கள். எண் இல்லாதபோது கூட்டவோ கழிக்கவோ அவசரப்பட வழியில்லை, கதையைத்தான் யோசித்தாக வேண்டும்.

அதைப் படமாகவும் வரையச் சொல்லுங்கள். பேருந்தை அழகாக வரைய வேண்டியதில்லை. ஆளுக்கு ஒரு வட்டம், இறங்கியவருக்கு ஒரு கோடு, அவ்வளவுதான். பொத்தான் கணக்கில் அக்காவுக்கு ஒரு வரிசை, அதன் கீழே தம்பிக்கு ஒரு வரிசை. யார் வரிசை நீளம் என்று பார்த்த பிறகு 11 என்று எழுதவே கை வராது.

இன்னொன்றும் செய்து பாருங்கள். '12 − 5'ஐக் கொடுத்து, இதற்கு ஒரு கதை சொல் என்று கேளுங்கள். அநேகமாக எதையாவது தொலைப்பாள், அல்லது யாருக்காவது கொடுப்பாள். "யாரும் எதையும் கொடுக்காமல், தொலைக்காமல் ஒரு கதை வருமா?" என்று அடுத்துக் கேளுங்கள். 12 நாற்காலிகள், உட்கார 5 பேர், எத்தனை நாற்காலி காலி? இதற்கு ஒரு வாரம் ஆனாலும் பொறுங்கள். கழித்தல் என்றால் எடுப்பது மட்டுமில்லை, ஒப்பிடுவதும் கழித்தல்தான் என்று பிடிபட்டால், பாதிக் கணக்குகளில் குழப்பம் போய்விடும்.

ஹங்கேரியில் பிறந்த கணித அறிஞர் ஜார்ஜ் போல்யா, 1945-ல் கணக்கை அணுக நான்கு படிகள் சொன்னார்: புரிந்துகொள்வது, திட்டமிடுவது, செய்வது, திரும்பிப் பார்ப்பது. பெரும்பாலான வீடுகளில் மூன்றாவது படி மட்டும்தான் நடக்கிறது. விடை வந்ததும் நோட்டை மூடாமல், "இது கதைக்குப் பொருந்துதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

அடுத்த முறை அவள் "கூட்டணுமா, கழிக்கணுமா?" என்றால் தயவுசெய்து பதில் சொல்லிவிடாதீர்கள். "கதையில என்ன நடந்துச்சு, சொல்லு" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். சொல்லி முடிக்கும்போது பெரும்பாலும் விடைக்கு வழியும் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

கேள்வி: ஆறு வயது மகன் எல்லாவற்றுக்கும் விரல் விட்டு எண்ணுகிறான். கையை மடியில் வைத்துக்கொள் என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். எப்படி நிறுத்துவது?

பதில்: நிறுத்தாதீர்கள். கையை மறைக்கச் சொன்னால் மேசைக்கு அடியில் எண்ணுவான், அதோடு பயமும் சேர்ந்துகொள்ளும். எப்படி எண்ணுகிறான் என்று கவனியுங்கள். 8-உம் 5-உம் கூட்டும்போது ஒன்றிலிருந்து தொடங்குகிறானா? அப்படியானால் 8-ஐ மனதில் வைத்துக்கொண்டு 9, 10, 11 என்று மேலே போகக் காட்டுங்கள். அது பழகிய பிறகு, 5-லிருந்து 2-ஐ எடுத்து 8-ஐ 10 ஆக்கினால் மீதி 3, ஆக 13 என்று காட்டலாம். இந்த வழிகள் விரலைவிட வேகமானவை என்று அவனுக்கே தெரியும்போது விரல்கள் தானாக ஓய்ந்துவிடும்.

கேள்வி: மாலையில் பேரனுக்கு நான்தான் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். வயது எட்டு. உடனே விடை வராவிட்டால் கண் கலங்கிவிடுகிறான். பார்க்கப் பொறுக்காமல் நானே செய்து காட்டிவிடுகிறேன். தவறா?

பதில்: ஐயா, உங்கள் மனம் புரிகிறது. கலங்கும் குழந்தையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது கடினம். ஆனால் நீங்கள் பென்சிலை வாங்கும் ஒவ்வொரு முறையும், இது உன்னால் முடியாது என்று அவனுக்குக் கேட்கிறது. உடனே விடை வராததுதான் கணக்கு என்று அவன் பழக வேண்டும். அதற்கு யாருமே ஒரு நொடியில் சொல்லிவிட முடியாத ஒரு கணக்கை எடுத்து, இருவரும் சேர்ந்து தடுமாறுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது இது: கோழிகளும் ஆடுகளும் நிற்கின்றன. தலைகள் 5, கால்கள் 14. கோழி எத்தனை, ஆடு எத்தனை? இதே மாதிரிக் கணக்கு, கோழிக்குப் பதிலாகக் காட்டுக்கோழி, ஆட்டுக்குப் பதிலாக முயல், 35 தலை, 94 கால் என்று, ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கும் பழைய ஒரு சீன நூலில் இருக்கிறது. பேரன் ஊகித்துப் பார்க்கட்டும். நான்கு கோழி, ஒரு ஆடு என்றால் 12 கால்கள்தான் வரும். "தப்பு" என்று சொல்லாமல், "இன்னும் ரெண்டு கால் வேணுமே" என்று சொல்லுங்கள். அல்லது 5 வட்டம் வரைந்து எல்லாவற்றுக்கும் இரண்டு இரண்டு காலாகப் போடட்டும். 10 ஆயிற்று. மிச்சமிருக்கும் 4 கால்களை எங்கே ஒட்டுவது? அந்த இடத்தில் பிள்ளைகளின் முகம் மாறுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். நீங்களும் பார்க்க வேண்டும்.

அடுத்த நாள் அவன் உங்களுக்கு ஒரு கணக்குக் கொடுக்கட்டும். தலையும் காலும் எத்தனை என்று அவனே முடிவு செய்யட்டும். 6 தலை, 17 கால் என்று கொடுத்தாலும் திருத்தாதீர்கள். பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வரையுங்கள். ஒரு கால் மிஞ்சி நிற்பதை அவனே பார்ப்பான்.