கறிவேப்பிலைப் புழுவின் இரண்டு உருவங்கள்

அன்புள்ள ஐயா,

எங்கள் வீட்டுக் கறிவேப்பிலையில் இருந்த மூன்று புழுக்களை என் மகள் போத்தலில் வளர்த்தாள். முதலில் பறவை எச்சம் போலிருந்தவை பிறகு பச்சையாகிக் கூட்டுப்புழுவாயின. இரண்டிலிருந்து வெள்ளைப் புள்ளி வரிசை கொண்ட கறுப்பு வண்ணத்துப்பூச்சிகளும், மூன்றாவதிலிருந்து சிவப்புப் புள்ளிகளுடைய ஒன்றும் வெளிவந்தன. ஒரே புழுவிலிருந்து இரண்டு இனங்கள் வருமா?

வாசகி,
களுவாஞ்சிக்குடி

அன்புள்ள சகோதரிக்கு,

மூன்றும் ஒரே இனந்தான். தமிழில் கறிவேப்பிலை அழகி என்றும், அறிவியலில் பாப்பிலியோ பொலிட்டிஸ் என்றும் பெயர். ஆண்கள் அனைத்தும் வெள்ளை வரிசையுடன் ஒரே தோற்றத்தில் இருக்க, நம் நாடான இலங்கையில் பெண்கள் மூன்று தோற்றங்களில் பிறக்கின்றன. அவற்றுள் ஒன்று அச்சாக ஆணைப் போலவே இருப்பதால், உங்கள் மகள் கண்ட மற்ற இரண்டையும் ஆண் என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது. இந்தப் பல்லுருவப் பெண்களைப் பற்றி இயற்கை ஆய்வாளர் அல்ஃபிரட் ரசல் வாலஸ் 1865இலேயே எழுதியிருக்கிறார்.

சிவப்புப் புள்ளிக்காரி பார்த்து வேடமிட்டிருப்பது சிவப்புடல் அழகி என்ற வேறோர் இனத்தை. அதன் புழு ஈச்சுரமூலிக் கொடியைத் தின்று, அக்கொடியின் நஞ்சைத் தன் உடலில் சேர்த்து, வண்ணத்துப்பூச்சியாகிய பின்னும் வைத்துக்கொள்கிறது. ஒருமுறை அதைக் கொத்தி அருவருத்த பறவை அந்தச் சிவப்பை மறப்பதில்லை. கறிவேப்பிலையும் தேசியிலையும் தின்று வளர்ந்த நம் பூச்சியிடம் அந்த நஞ்சு கிடையாது, நிறம் மட்டுமே உண்டு. ஆகவே அசல் பறக்கும் இடத்தில்தான் இந்த வேடம் செல்லும். சிவப்புடல் அழகி வாழும் இந்தியாவிலும் இலங்கையிலுமே இந்த உருவப் பெண்ணும் காணப்படுகிறது. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் பற்றைக்காடுகள் வெட்டப்படும்போது அசலின் கொடியும் சேர்ந்து போவது எனக்கு மிகுந்த கவலை தருகிறது.

ஒரே தாயின் முட்டைகளிலிருந்து இரு விதமான மகள்கள் வரக்கூடும். ஆண், பெண் வேறுபாட்டை வகுப்பதில் பங்குகொள்ளும் டபுள்செக்ஸ் என்ற மரபணுவே இந்த வேடத்தையும் தீர்மானிக்கிறது என்பது 2014இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. ஆண்களும் அதைச் சுமக்கின்றன, ஆனால் அவற்றின் சிறகில் அது வெளிப்படுவதில்லை.

அசலையும் வேடத்தையும் பிரித்தறியச் சிறகைவிட உடலைப் பார்ப்பதே நல்லது: அசலின் தலையும் வயிறும் குங்குமச் சிவப்பு, வேடக்காரியின் உடல் கறுப்பு. உங்கள் வேலியில் ஈச்சுரமூலி படர்ந்திருந்தால், மகளை அதன் இலைகளைப் புரட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கருமையான உடலில் செந்நிறச் சதைமுனைகள் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும் புழு அங்கே இருந்தால், அதுதான் அசல்.