கனமான பழைய காரா, சின்ன புது காரா?

கேள்வி: ஒரே பட்ஜெட்ல ரெண்டு கார் பாத்து வெச்சிருக்கேன். ஒண்ணு 14 வருஷம் ஆன பெரிய செடான், நல்ல கனம். இன்னொண்ணு 3 வருஷம் ஆன சின்ன ஹேட்ச்பேக். வீட்ல எல்லாரும் பழைய வண்டி இரும்பு மாதிரி வராதுங்கறாங்க. எது சேஃப்?

பதில்: இரும்பு கனமா இருக்கறது வேற, மோதும்போது உள்ள இருக்கறவங்கள காப்பாத்தறது வேறங்க. 2017ல ஆஸ்திரேலியாவோட ஆன்கேப் அமைப்பு 1998 மாடல் டொயோட்டா கொரோலாவையும் 2015 மாடலையும் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்துல நேருக்கு நேர் மோத விட்டு பாத்தாங்க, 16 மார்க்குக்கு பழசு வாங்கினது 0.40, புதுசு 12.93. புதுசுல முன்பக்கம் மடங்கி அடியை வாங்கிக்கும், ஆள் உக்காந்திருக்கற கூடு நசுங்காம நிக்கும், வித்தியாசமே அங்கதான்.

அதுக்காக கனத்துக்கு மதிப்பே இல்லேன்னு சொல்லமாட்டேன். ரெண்டு கார் மோதினா கனமான வண்டில இருக்கறவங்களுக்கு அதிர்ச்சி கம்மிதான். ஆனா மரத்துலயோ சுவத்துலயோ மோதினா அந்த கனம் உதவாது, அவ்ளோ வேகத்தையும் அதே பாடிதான் தாங்கியாகணும்.

நான் முதல்ல பாக்கறது ஈஎஸ்சி, அதாவது எலக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல். வண்டி சறுக்க ஆரம்பிச்ச உடனே எந்த சக்கரத்துக்கு வேணுமோ அதுக்கு மட்டும் தானா பிரேக் போட்டு வண்டிய நேராக்கும், அதாவது மோதலே நடக்காம தடுக்கப் பாக்கும், எத்தனை ஏர்பேக் இருந்தாலும் அந்த வேலைய செய்யாது. 1995லயே மெர்சிடிஸ் எஸ் கிளாஸ்ல வந்துடுச்சு, அதனால உங்க செடான்லயும் இருக்க வாய்ப்பிருக்கு, அதே சமயம் சின்ன கார் கீழ் வேரியண்ட்டா இருந்தா இல்லாமலும் போகலாம். சாவிய ஆன் பண்ணினதும் மீட்டர்ல சறுக்கற கார் படம் போட்ட லைட் எரிஞ்சு அணையுதான்னு பாருங்க. ஏர்பேக் லைட்டும் அப்படித்தான் எரிஞ்சு அணையணும், எரியவே இல்லேன்னா யாரோ கைய வெச்சிருக்காங்கன்னு சந்தேகப்படுங்க.

மோதல் டெஸ்ட்ல குடுக்கற ஸ்டார் ரேட்டிங் பாக்கும்போது எந்த வருஷ டெஸ்ட்னு கட்டாயம் பாருங்க, விதிகள் சில வருஷத்துக்கு ஒருதடவை கடுமையாகிட்டே வருது, பத்து வருஷத்துக்கு முன்ன வாங்கின 5 ஸ்டாரும் இப்போ வாங்கற 5 ஸ்டாரும் ஒண்ணு இல்ல. செடானோட சேஸிஸ் நம்பர வெச்சு ரீகால், அதாவது குறைய சரி பண்ண கம்பெனியே வண்டிய திரும்பக் கூப்பிட்டது, ஏதாவது பாக்கி இருக்கான்னும் விசாரிங்க. டகாட்டா கம்பெனி ஏர்பேக் பல கோடி திரும்ப வாங்கப்பட்டுச்சு, சூட்டுலயும் ஈரப்பதத்துலயும் வருஷக்கணக்கா இருந்தா உள்ள இருக்கற வெடிமருந்து கெட்டு, வெடிக்கும்போது உலோகத் துண்டு முகத்துல தெறிக்குது. டயர்ல 2319னு இருந்தா 2019ல 23வது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம், டயர் பட்டன் (தேயற மேல்பகுதி) எவ்ளோ இருந்தாலும் வயசான ரப்பர் ரப்பர்தான்.

ஹேட்ச்பேக்ல ஈஎஸ்சியும் பக்கவாட்டு ஏர்பேக்கும் இருந்து ரேட்டிங்கும் நல்லா இருந்தா யோசிக்காம அதையே எடுங்க. ஈஎஸ்சியே இல்லாத கீழ் வேரியண்ட்டுன்னா ரெண்டையும் விட்டுட்டு மூணாவது ஒரு வண்டி தேடுங்க.

கேள்வி: 6 ஏர்பேக் இருக்கற கார்ல பின்சீட்டுக்கும் பெல்ட் வேணுமா?

பதில்: கண்டிப்பா வேணும். பெல்ட் போடாம பின்னாடி உக்காந்திருக்கறவங்க மோதும்போது அப்படியே முன்சீட் மேல வந்து விழறாங்க, முன்னாடி பெல்ட் போட்டவங்களும் சேர்ந்து சாக வாய்ப்பு கூடுது.