பத்து வயதுக் கணினி, அரை வினாடி தாமதம்: லினக்ஸ் கேள்வி பதில்

கேள்வி: சிறிய அச்சகம் நடத்துகிறேன். 2016இல் வாங்கிய கணினி. ஆறாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம். விண்டோஸ் 10க்கு இனி அப்டேட் வராது என்கிறார்கள். லினக்ஸ் போட்டால் என் வேலை நடக்குமா?

கணினியைப் பொறுத்தவரை தாராளமாக நடக்கும். உங்கள் தொழிலைப் பொறுத்தவரை இரண்டு மூன்று விஷயங்களைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. நீட்டிப்புத் திட்டத்தில் பதிந்துகொண்டால் வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும், அவ்வளவுதான். இன்டெல் கணினிகளில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் விண்டோஸ் 11 முறைப்படி ஏற்றுக்கொள்கிறது. உங்கள் கணினியில் பழுது எதுவும் இல்லை. பட்டியலில் பெயர் இல்லை, அதுதான் குறை. நன்றாக ஓடும் இயந்திரத்தைக் குப்பையில் போட அது ஒரு காரணமே இல்லை.

லினக்ஸ் இயங்குதளத்தின் வகைகளில் ஒன்றான மின்ட்டின் 22 வரிசையில் ஒன்றைப் போடுங்கள். உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸின் 24.04 பதிப்பை அடித்தளமாகக் கொண்டது. 2029 ஏப்ரல் வரை திருத்தங்கள் வரும். 8 ஜிபி ரேமுக்கு சின்னமன் என்ற திரைச்சூழலோடு வரும் அதன் பதிப்பே போதும். கணினியில் இன்னும் சுழலும் ஹார்ட் டிஸ்க்தான் இருக்கிறதென்றால், முதலில் ஒரு எஸ்எஸ்டி வாங்கி மாட்டுங்கள். இயங்குதளத்தை மாற்றுவதைவிட அதில்தான் வேகம் உடனே தெரியும்.

மின்ட்டை நிறுவாமலேயே பென் டிரைவிலிருந்து இயக்கிப் பார்க்கலாம். அப்படி இயக்கி, உங்கள் பிரிண்டரில் ஒரு பக்கம் அச்சடித்துப் பாருங்கள், ஸ்கேனரையும் ஓட்டிப் பாருங்கள். கோரல் டிரா, ஃபோட்டோஷாப், டாலி மூன்றும் லினக்ஸில் நேரடியாக ஓடாது. புதிதாக வடிவமைப்பதற்கு இன்க்ஸ்கேப்பும் ஸ்கிரைபஸும் நல்ல கருவிகள். ஆனால் வாடிக்கையாளர் கொண்டுவரும் கோரல் கோப்பை வாங்கி, திருத்தி, அரை மணி நேரத்தில் அடித்துக் கொடுக்கும் கடை உங்களுடையது என்றால், ஒரு கணினியில் விண்டோஸ் இருக்கட்டும். பிடிவாதத்துக்காகத் தொழிலைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் செய்த வேலைகள் நிறைய இருக்கும். அந்த எழுத்துருக் கோப்புகளை லினக்ஸில் நிறுவினால் எழுத்து சரியாகவே தெரியும். இருந்தாலும் இந்தச் சாக்கில் முக்கியமானவற்றை யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள், இன்னும் பத்து வருடம் கழித்தும் உதவும்.

கேள்வி: என்னிடம் 32 பிட் நெட்புக் ஒன்று இருக்கிறது. எந்த லினக்ஸ் போடலாம்?

கதவு வேகமாக மூடிக்கொண்டிருக்கிறது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 என்ற லினக்ஸில் 32 பிட் பிசிக்கான நிறுவியும் இல்லை, கர்னல் என்னும் மையநிரலும் இல்லை. ஃபயர்ஃபாக்ஸ் 144தான் 32 பிட் லினக்ஸுக்கு வந்த கடைசி சாதாரணப் பதிப்பு. டெபியன் 12 இன்னும் சில காலம் ஓடும். நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை. பாட்டு கேட்க, எழுத, பிள்ளைக்குப் பைதான் சொல்லிக்கொடுக்க வைத்துக்கொள்ளுங்கள். வங்கி வேலைக்கு வேண்டாம். அதற்கு முன் ஒன்று: சிப்பின் பெயரைத் தேடிப் பாருங்கள். 64 பிட் சிப்பில் 32 பிட் விண்டோஸ் போட்டு விற்ற கணினிகள் ஏராளம்.

கேள்வி: ஃபெடோரா லினக்ஸைப் புதுப்பித்தபின் எக்ஸ்11 வாய்ப்பே காணோம், வேலேண்ட் மட்டும்தான் இருக்கிறது. தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு செய்வதும் சில செயலிகளில் தகராறு செய்கிறது. எதற்கு இந்த மாற்றம்?

எக்ஸ்11, வேலேண்ட் இரண்டும் செயலிகளைத் திரையில் காட்டும் முறைகள். எக்ஸ்11 பிறந்தது 1987இல். அதன் அமைப்புப்படி, திரையில் இருக்கும் எந்தச் செயலியும் நீங்கள் இன்னொரு செயலியில் அடிக்கும் எழுத்துகளைக் கவனிக்க முடியும். கடவுச்சொல் உட்பட. அந்தக் காலத்தில் அது யாரையும் உறுத்தவில்லை, இன்று உறுத்துகிறது. வேலேண்டில் ஒவ்வொரு செயலியும் தன் சாளரத்தோடு நின்றுகொள்ளும். க்னோம் என்ற திரைச்சூழலின் 49ஆம் பதிப்பில் எக்ஸ்11 அமர்வை இயல்பாகவே அணைத்துவிட்டார்கள். இன்னொரு திரைச்சூழலான கேடிஇ பிளாஸ்மாவும் 6.8 பதிப்பில் அதைக் கைவிடப்போவதாக அறிவித்திருக்கிறது. திரும்பி வராது, பழகிக்கொள்வதுதான் வழி.

தமிழுக்கு வருவோம். க்னோமில் ஐபஸ்-எம்17என் என்ற பொதியை நிறுவி, ஒருமுறை வெளியேறி உள்ளே வந்து, விசைப்பலகை அமைப்பில் தமிழ்99ஐச் சேருங்கள். கேடிஇயில் இது போதாது. எஃப்சிஐடிஎக்ஸ் 5 என்ற உள்ளீட்டு மென்பொருளை நிறுவி, அமைப்புகளில் மெய்நிகர் விசைப்பலகை என்னும் இடத்தில் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மெய்நிகர் விசைப்பலகைக்கும் தமிழ் உள்ளீட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று யாருக்கும் தோன்றாது. அதனால்தான் பலர் இந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். இதையும் செய்தபின் ஏதாவது ஒரு செயலியில் மட்டும் தமிழ் விழவில்லை என்றால், பெரும்பாலும் அது எலக்ட்ரான் என்ற செயலி உருவாக்கும் கருவியின் பழைய பதிப்பில் கட்டியதாக இருக்கும். அதன் புதிய பதிப்பைப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: கல்யாண ஆல்பம் செய்கிறேன். படம் திருத்தும் ஜிம்ப் மென்பொருளின் 3ஆம் பதிப்புக்கு மாறலாமா?

மாறலாம், ஆனால் முகூர்த்த மாதம் முடிந்தபிறகு. 2018இல் வந்த 2.10க்குப் பின் ஏழு வருடம் கழித்து, 2025 மார்ச்சில் வந்த பெரிய பதிப்பு இது. ஃபில்டரைப் போட்டபிறகும் திரும்பப் போய் அதன் அளவுகளை மாற்றலாம். பல லேயர்களை ஒன்றாகத் தேர்ந்தெடுக்கலாம். இரண்டுமே ஆல்பம் வேலையில் மணிக்கணக்கை மிச்சம் பிடிக்கும். ஒரே சிக்கல், 2.10க்கு எழுதிய பிளக்இன்கள் அப்படியே ஓடாது. நீங்கள் தினமும் பயன்படுத்துபவை புதிதாக எழுதப்பட்டிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: எங்கள் சிறிய நிறுவனத்தின் செயலியில் ரெடிஸ் பயன்படுத்துகிறோம். உரிமத்தை மாற்றினார்கள், திரும்பவும் மாற்றினார்கள் என்கிறார்கள். வால்கிக்கு மாற வேண்டுமா?

ரெடிஸ், தரவை நினைவகத்தில் வைத்து வேகமாக எடுத்துத் தரும் மென்பொருள். நடந்தது இது. 2024 மார்ச்சில் ரெடிஸ் நிறுவனம் பிஎஸ்டி உரிமத்தை விட்டுவிட்டு, திறந்த மூலம் (மூலநிரலை யாரும் பார்த்து, மாற்றிப் பயன்படுத்தலாம்) என்று ஏற்கப்படாத உரிமங்களுக்குப் போனது. சில நாட்களிலேயே, 7.2.4 பதிப்பின் மூலநிரலை எடுத்துக்கொண்டு லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் வால்கி தொடங்கியது. அமேசான், கூகுள், ஆரக்கிள் எல்லாம் பின்னால் நின்றன. 2025 மேயில் ரெடிஸ் 8 வந்தபோது ஏஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தையும் ஒரு தேர்வாகச் சேர்த்தார்கள். ஆக, ரெடிஸ் இப்போது மறுபடியும் திறந்த மூலம்தான்.

உங்கள் நிறுவனத்துக்குள் வெறும் கேஷாக (தற்காலிகச் சேமிப்பாக) ஓடுகிறதென்றால் இரண்டில் எதுவும் சரி. புதிதாகத் தொடங்குகிறீர்கள் என்றால் நான் வால்கியைத்தான் எடுப்பேன். பிஎஸ்டி உரிமம் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அது ஒரே நிறுவனத்தின் கையில் இல்லை. உரிமத்தை மட்டும் படித்தால் பாதிதான் தெரியும், திட்டம் யார் பொறுப்பில் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். சர்வர்களை அமைக்கும் டெராஃபார்ம் மென்பொருளின் உரிமம் 2023இல் மாறியதும், அதிலிருந்து ஓப்பன்டோஃபு பிறந்ததும் இதே கதைதான்.

கேள்வி: எக்ஸ்இசட் மென்பொருளில் திருட்டுக் கதவு வைத்த சம்பவத்துக்குப் பிறகு, திறந்த மூலம் பாதுகாப்பானது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? யாரும் பார்க்கலாம் என்கிறீர்கள், இரண்டு வருடமாக உள்ளே நுழைந்துகொண்டிருந்தவரை யாரும் கவனிக்கவில்லையே?

நியாயமான கேள்வி. மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டிய கேள்வியும்கூட.

எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் சிறிய மென்பொருள். ஏறக்குறைய எல்லா லினக்ஸிலும் இருக்கும். அதை லாசே கோலின் என்பவர் சம்பளம் இல்லாமல், பெரும்பாலும் தனியாளாகப் பார்த்துக்கொண்டிருந்தார். 2021இன் பிற்பகுதியில் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் திருத்தங்கள் அனுப்ப ஆரம்பித்தார். நல்ல திருத்தங்கள்தான். வேறு சில பெயர்களில் வந்தவர்கள், வேலை மெதுவாக நடக்கிறது, புதிய ஆளிடம் கொடுங்கள் என்று கோலினை நச்சரித்தார்கள். கடைசியில் ஜியா டான் இணைப் பராமரிப்பாளர் ஆனார். 2024இல் வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில் திருட்டுக் கதவு உள்ளே போனது.

அது ஒளிந்திருந்த இடத்தைக் கவனியுங்கள். சோதனைக்கான கோப்புகள் என்ற பெயரில் சிதைந்தாற்போல் கிடந்த, மனிதர் படிக்க முடியாத பைனரி கோப்புகளில் இருந்தது. அதைக் கிளப்பிவிடும் வரிகள் பொதுவில் எல்லோரும் பார்க்கும், மூலநிரல் வைக்கும் கிட் களஞ்சியத்தில் இல்லை, வெளியீட்டுப் பொதியில் மட்டும்தான் இருந்தன. அதாவது, படிக்க நினைத்தவரும் தவறான இடத்தைத்தான் படித்திருப்பார்.

பிடித்தது யார்? போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் வேலை செய்யும் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட். தொலைவிலிருந்து சர்வருக்குள் போகும் எஸ்எஸ்எச் வழியாக உள்நுழைய அரை வினாடி கூடுதலாக ஆகிறதே என்று அவருக்கு உறுத்தியது. விடவில்லை. தோண்டிக்கொண்டே போய், 2024 மார்ச் 29 அன்று எல்லாவற்றையும் பொதுவில் வைத்தார். அப்போது அந்தப் பதிப்புகள் டெபியனின் சோதனைக் கிளை, ஃபெடோராவின் முன்னோட்டம், ஓப்பன்சூசே டம்பிள்வீட் போன்றவற்றுக்குப் போயிருந்தன. சர்வர்களில் ஓடும் நிலையான டெபியனுக்கோ உபுண்டுவுக்கோ போகவில்லை.

யாரும் பார்க்கலாம் என்பதும் யாரோ பார்க்கிறார்கள் என்பதும் வேறு வேறு. இந்தச் சம்பவம் எனக்குக் கற்றுக்கொடுத்தது அதைத்தான். ஆனால் ஒன்று. மூலநிரல் மூடியிருந்தால் ஃப்ராயிண்டால் அந்த அரை வினாடிக்குப் பின்னால் போயிருக்கவே முடியாது. ஏதோ பிழை என்று நிறுவனத்துக்கு ஒரு புகார் எழுதியிருப்பார், அதோடு முடிந்திருக்கும். உலகம் முழுக்க சர்வர்கள் நம்பியிருந்த ஒரு வேலையைக் களைத்துப்போன ஒரு மனிதரின் தலையில் விட்டுவைத்தோமே, அதுதான் நம் குற்றம். நிறுவனம் நடத்துபவர்கள், உங்கள் மென்பொருள் எதையெல்லாம் நம்பி நிற்கிறது என்று ஒரு பட்டியல் போடுங்கள். அதில் ஒருவரோ இருவரோ மட்டும் தாங்கும் திட்டம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மாதாமாதம் பணம் அனுப்புங்கள். வீட்டில் லினக்ஸ் வைத்திருப்பவர்கள் நிலையான பதிப்பிலேயே இருங்கள். புதியது முதல் நாளே நம் கைக்கு வர வேண்டும் என்ற அவசரம் வேண்டாம்.

கேள்வி: பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். கர்னலில் வேலை செய்ய ஆசை. சி படிப்பதா, ரஸ்ட் படிப்பதா?

முதலில் சி. கர்னலின் கோடிக்கணக்கான வரிகளில் மிகப் பெரும்பாலானவை இன்றும் சிதான். அதைப் படிக்கத் தெரியாமல் ரஸ்டில் ஒரு டிரைவரும் எழுத முடியாது. ஆனால் ரஸ்டைத் தள்ளிவைக்காதீர்கள். 2022 டிசம்பரில் 6.1 பதிப்பில் சோதனை முயற்சியாக நுழைந்தது. 2025 டிசம்பரில் டோக்கியோவில் கூடிய கர்னல் பராமரிப்பாளர்கள், இனி அது சோதனை அல்ல என்று முடிவெடுத்தார்கள். கர்னலுக்கு வெளியிலும் அப்படித்தான்: உபுண்டு 25.10இல் நிர்வாகி அனுமதி தரும் சூடோவும் அடிப்படைக் கட்டளைகளும் ரஸ்டில் எழுதியவை. அதில் தேதி காட்டும் கட்டளையில் இருந்த ஒரு பிழையால் தானியங்கிப் புதுப்பிப்புச் சோதனையே சில நாள் படுத்துவிட்டது. நினைவகப் பிழைகளை ரஸ்ட் தடுக்கும். கட்டளையின் ஒரு விருப்பத்தேர்வுக்கான நிரலை எழுத மறந்துவிட்டால் அதை எந்த மொழியும் எழுதித் தராது.

இன்னொன்றும் சொல்கிறேன், இதைக் கல்லூரியில் சொல்ல மாட்டார்கள். பிகேஷ்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை 2024 ஜனவரியில் 6.7 பதிப்பில் உள்ளே வந்து, 2025 நவம்பரில் 6.18 பதிப்பில் வெளியே போனது. கோட் மோசம் என்பதற்காக அல்ல. எப்போது எந்த மாதிரியான மாற்றத்தை அனுப்பலாம் என்ற நடைமுறை பற்றி அதன் ஆசிரியருக்கும் லினஸ் டோர்வால்ட்ஸுக்கும் தீராத பிணக்கு. மின்னஞ்சலில் பொறுமையாக விளக்கவும், மறுப்பைக் கேட்டுத் திருத்தி மறுபடி அனுப்பவும் பழகுங்கள். சியைவிட அதற்குத்தான் அதிக நாள் ஆகும்.

கேள்வி: லாமா போன்ற ஏஐ மாடல்களைத் திறந்த மூலம் என்கிறார்களே, உண்மையா?

மெட்டா நிறுவனத்தின் லாமா இல்லை. மாதம் 70 கோடிப் பயனர்களுக்கு மேல் உள்ள நிறுவனங்கள் தனி அனுமதி வாங்க வேண்டும் என்பது போன்ற கட்டுப்பாடுகள் அதன் உரிமத்தில் இருக்கின்றன. டீப்சீக் ஆர்1 எம்ஐடி என்ற தாராளமான உரிமத்தில் வந்தது. எடைகளை (பயிற்சியில் மாடல் கற்ற எண்களை) எடுத்து என்ன வேண்டுமானாலும் செய்யலாம், ஆனால் எதைப் படித்து அது வளர்ந்தது என்பதை வெளியிடவில்லை. தரவு, நிரல், எடைகள் மூன்றையும் வெளியே வைப்பவர்கள் சிலரே. ஆலன் ஆய்வு நிறுவனத்தின் ஓல்மோ அப்படி ஒன்று. வீட்டில் ஓட்டிப் பார்க்க 16 ஜிபி ரேம் இருந்தால் நல்லது. மாடல்களை ஓட்டும் ஓலாமாவை நிறுவி 800 கோடி அளவுருக்கள் வரையான மாடல்களில் தொடங்குங்கள்.

கேள்வி: நான் தமிழாசிரியை. புரோகிராமிங் தெரியாது. நானும் உதவ முடியுமா?

உங்களைப் போன்றவர்கள்தான் குறைவு, அம்மா. ஆவணங்கள் தயாரிக்கும் லிப்ரே ஆபீசின் மொழிபெயர்ப்பு வெப்லேட் தளத்தில் நடக்கிறது, ஃபயர்ஃபாக்ஸின் மொழிபெயர்ப்பு பொன்டூன் தளத்தில். இரண்டுமே பிரவுசரில் திறந்து, இடது பக்கம் படித்து, வலது பக்கம் தமிழில் எழுதும் வேலைதான். முதல் வாரம் எதையும் மொழிபெயர்க்க வேண்டாம். லிப்ரே ஆபீசைத் தமிழ் இடைமுகத்தில் வைத்து, வழக்கமான வேலையைச் செய்யுங்கள். எந்த மெனுவில் சந்திப் பிழை, எந்தச் சொல் உங்கள் மாணவருக்குப் புரியாது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள். அந்த நோட்டோடு உள்ளே போங்கள்.