பதில்: சிறுநீரகம் மாற்றிய அப்பாவுக்கு நுரையீரலில் பூஞ்சை, குழந்தையைப் பக்கத்தில் விடலாமா?

தாராளமாக விடுங்கள். அவருக்கு வந்திருக்கும் அஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை ஆளுக்கு ஆள் ஒட்டாது. அதன் வித்துகள் காற்றில் எங்கும் உண்டு. நாம் எல்லாரும் தினமும் சுவாசிக்கிறோம், நம் உடம்பு சமாளித்துவிடுகிறது. மாற்றுச் சிறுநீரகத்துக்காக அப்பா சாப்பிடும் மாத்திரைகள் அந்த எதிர்ப்பைக் குறைத்துவிடுகின்றன. குழந்தைக்குச் சளி, காய்ச்சல் இருந்தால் மட்டும் அவரிடம் அனுப்பாதீர்கள்.

எனக்குக் கவலை வேறு. பூஞ்சைக்கு வொரிகொனசோல் மருந்து தொடங்கியதாக எழுதியிருக்கிறீர்கள், மாற்றுச் சிறுநீரகத்துக்காக அவர் சாப்பிடும் டாக்ரோலிமஸைக் குறைத்தார்களா என்று எழுதவில்லையே? இரண்டும் சேர்ந்தால் ரத்தத்தில் டாக்ரோலிமஸ் ஏறி, வைத்த சிறுநீரகத்தையே கெடுக்கும். வழக்கமாக மூன்றில் ஒரு பங்காகக் குறைத்து, அடிக்கடி ரத்தத்தில் அளவு பார்ப்பார்கள். நீங்களாகக் கை வைக்காதீர்கள். இன்றைக்கே சிறுநீரக மருத்துவருக்குப் போன் போட்டுக் கேளுங்கள். வொரிகொனசோல் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ கொடுக்க வேண்டும். குறைந்தது 6 முதல் 12 வாரம் ஓடும், இருமல் நின்றதும் நிறுத்திவிடாதீர்கள்.

அப்புறம், மாட்டுங்காவில் பக்கத்துக் கட்டடத்தை இடிக்கிறார்கள் என்றீர்களே, அந்தத் தூசியில் பூஞ்சை வித்துகள் வரும், அந்தப் பக்கத்து ஜன்னல் மூடியே இருக்கட்டும். பால்கனியில் புறா எச்சத்தை அவர் சுத்தம் செய்யவே கூடாது (மும்பையில் எந்த வீட்டில்தான் புறா இல்லை!); அதில் கிரிப்டோகாக்கஸ் என்ற வேறொரு பூஞ்சை இருக்கலாம். இருமலில் ரத்தம் வந்தால் ராத்திரி என்று பார்க்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.