டாம்கேட் மேனேஜரில் பாஸ்வேர்டு சரி, ஆனாலும் 403 வருகிறதே?

சர்வர் அம்பத்தூரில், நீங்கள் இருப்பது தரமணி ஆபீசில். சர்வரிலேயே திறந்தால் வேலை செய்யும் டாம்கேட் (ஜாவா வெப் ஆப்களை ஓட்டும் மென்பொருள்) மேனேஜர் பக்கம் உங்கள் லேப்டாப்பில் 403, அதாவது 'அனுமதி இல்லை' என்று காட்டுகிறது என்கிறீர்கள். பாஸ்வேர்டை மாற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. அது தப்பாக இருந்தால் வருவது 401, அதாவது 'லாகின் சரியில்லை'.

முதலில் ஒன்றைக் கவனியுங்கள்: பாஸ்வேர்டு கேட்காமலேயே 403 வருகிறதா, கேட்ட பிறகா?

கேட்காமலே வந்தால் ரோல் (யூசருக்குக் கொடுக்கும் அனுமதி வகை) மேல் பழி இல்லை. மேனேஜர் ஆப்பின் மெட்டா-இன்ஃப் ஃபோல்டரில் உள்ள கான்டெக்ஸ்ட் ஃபைலில் ஐபி முகவரியைச் சோதிக்கும் வால்வ் ஒன்று இருக்கும். அது 127.0.0.1 போன்ற, அந்த சர்வரையே குறிக்கும் முகவரிகளை மட்டுமே விடும். உங்கள் நிலைமைக்கு அநேகமாக இதுதான் காரணம். ஆபீஸ் ஐபியை மட்டும் அதில் சேருங்கள். பலர் அந்த வரியையே தூக்கிவிடச் சொல்வார்கள். செய்யாதீர்கள், ஊருக்கே கதவு திறந்துவிடும்.

கேட்ட பிறகு வந்தால் ரோல்தான். பழைய 'மேனேஜர்' ரோல் டாம்கேட் 7 முதல் நான்காகப் பிரிந்துவிட்டது. பிரவுசர் பக்கத்துக்கு 'மேனேஜர்-ஜியூஐ' வேண்டும். ஜென்கின்ஸ் மாதிரி தானியங்கி டூல் ஆப்பை டிப்ளாய் செய்ய 'மேனேஜர்-ஸ்கிரிப்ட்'. இரண்டையும் ஒரே யூசருக்குக் கொடுக்காதீர்கள். ஏனென்றால் சிஎஸ்ஆர்எஃப் பாதுகாப்பு (வேறொரு தளம் உங்கள் பிரவுசர் வழியே உங்கள் பெயரில் கட்டளை அனுப்புவதைத் தடுப்பது) ஸ்கிரிப்ட் வழிக்குக் கிடையாது.

அப்புறம், யூசர்களையும் ரோல்களையும் எழுதும் டாம்கேட் யூசர்ஸ் ஃபைலில் மாதிரி வரிகள் கமென்ட்டுக்குள் இருக்கும். அதற்குள்ளேயே உங்கள் யூசரை எழுதினால் டாம்கேட் கண்ணுக்கு அப்படி ஒரு ஆளே இல்லை, 401தான் வரும். வெளியே எடுத்து எழுதி, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.