இயற்பியல் படிக்கக் கடன் வாங்கலாமா? கேள்வி பதில்

கேள்வி: மகன் பி.எஸ்சி. இயற்பியல்தான் படிப்பேன் என்கிறான். தனியார் கல்லூரியில் விடுதியோடு வருடத்துக்கு 2 லட்சம் ஆகும். வங்கியில் 6 லட்சம் கடன் கிடைக்குமாம். வாங்கலாமா ஐயா?

பதில்: கடன் கிடைப்பது பிரச்சினை இல்லை. 7.5 லட்சம் வரை சொத்துப் பிணை கேட்காமலே தருகிறார்கள். முதல் தவணை எப்போது வரும் என்று பாருங்கள்.

10 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 2 லட்சமாகப் பணம் எடுக்கிறீர்கள். படிப்புக் காலமும் அதற்குப்பின் ஓராண்டும் தவணை கிடையாது, ஆனால் தனிவட்டி ஏறிக்கொண்டே இருக்கும். நான்கு ஆண்டில் வட்டி 1.8 லட்சம், கடன் 7.8 லட்சம். 10 ஆண்டில் அடைத்தால் மாதம் சுமார் 10,300 ரூபாய், மொத்தம் 12.4 லட்சம். 15 ஆண்டாக நீட்டினால் மாதம் 8,400தான். மொத்தமோ 15 லட்சத்தைத் தாண்டும்.

அந்த நான்காம் ஆண்டு முடிவில் உங்கள் பையன் எங்கே இருப்பான்? எம்.எஸ்சி. முதலாண்டை முடித்திருப்பான். கையில் ஒரு ரூபாய் வருமானம் இருக்காது. பொறியியல் முடித்தவன் சம்பளத்தில் தவணை கட்டத் தொடங்கும் நேரத்தில், இயற்பியல் மாணவன் இன்னும் வகுப்பில் இருப்பான். பல குடும்பங்கள் திணறுவது இந்த இடத்தில்தான். அதனால் இளநிலைக்கு அரசு கலைக்கல்லூரியோ அரசு உதவிபெறும் கல்லூரியோ கிடைத்தால் அதையே எடுங்கள். கடன் வாங்கும் வாய்ப்பை எம்.எஸ்சி.க்கு மிச்சம் வையுங்கள்.

கேள்வி: வேறு வழியில்லை, கடன் வாங்கியே ஆக வேண்டும். சுமையைக் குறைக்க என்ன செய்யலாம்?

பதில்: வட்டியை மட்டும் மாதாமாதம் கட்டிவாருங்கள். மேலே சொன்ன கணக்கில் முதலாண்டு மாதம் 1,667, இரண்டாமாண்டு 3,333, அதற்குப்பின் 5,000. அசல் 6 லட்சத்திலேயே நிற்கும், தவணையும் சுமார் 7,900 ஆக இறங்கும். இப்படிக் கட்டுபவர்களுக்குச் சில வங்கிகள் வட்டியில் 1 சதவீதம் குறைக்கின்றன. கையெழுத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள். பின்னாளில் வருமான வரியில் கல்விக்கடன் வட்டிக்கு 8 ஆண்டு கழிவு உண்டு, பழைய வரிமுறையில் மட்டும்.

கேள்வி: அரசுப் பள்ளி மாணவி, பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண். அப்பா கூலி வேலை. எனக்குக் கடன் இல்லாமல் வழி உண்டா?

பதில்: உண்டும்மா. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். அதைவிடப் பெரியது மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை. உங்கள் தேர்வு வாரியத்தில் முதல் 1 சதவீதத்துக்குள் வந்து, அடிப்படை அறிவியலில் சேர்ந்தால் ஆண்டுக்கு 80,000: கையில் 60,000, கோடைக்கால ஆய்வுக்கு 20,000. பி.எஸ்சி. முதலாண்டிலேயே விண்ணப்பிக்க வேண்டும். மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆய்வு நிறுவனங்களையும் பாருங்கள்: புவனேஸ்வரில் உள்ள நைசரில் சேர நெஸ்ட் என்ற நுழைவுத்தேர்வு, பல ஊர்களில் உள்ள ஐசர்களுக்குத் தனி நுழைவுத்தேர்வு. இரண்டையும் எழுதுங்கள்.

கேள்வி: பிஎச்.டி. உதவித்தொகையில் கடனை அடைக்க முடியுமா?

பதில்: நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். எனும் ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000, பிறகு 42,000. வீட்டு வாடகைப்படி தனி. 10,000 தவணை கட்டலாம். ஆனால் தொகை சில இடங்களில் மாதக்கணக்கில் தாமதமாக வரும், தவணைத் தேதி காத்திருக்காது. மூன்று தவணைப் பணத்தைத் தனியே ஒதுக்கி வையுங்கள். அதோடு, ஜே.ஆர்.எஃப். கிடைக்கும் என்று நம்பிக் கடன் வாங்காதீர்கள். அது கிடைக்காமல் 18,000 சம்பளத்தில் வேலைக்குப் போனாலும் தவணை கட்ட முடியுமா என்று பாருங்கள். முடியாதென்றால் கடன் தொகை அதிகம்.

கேள்வி: எம்.எஸ்சி.க்குப் பிறகு சீக்கிரம் சம்பளம் தரும் பாதை எது?

பதில்: மருத்துவ இயற்பியல். எம்.எஸ்சி. இயற்பியலுக்குப் பின் கதிரியக்க இயற்பியல் டிப்ளமோ, பிறகு கதிர்சிகிச்சைப் பிரிவில் ஓராண்டு பயிற்சி. புற்றுநோய் மருத்துவமனைகளுக்கு இவர்கள் கட்டாயம் தேவை. சேருமுன், அந்தப் படிப்பை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் ஏற்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். ஏற்காவிட்டால் போட்ட பணம் வீண். இன்னொன்று, பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ஓராண்டுப் பயிற்சி. பயிற்சியிலேயே உதவித்தொகை உண்டு, தேறினால் விஞ்ஞானி பணி. போட்டி கடுமை.

கேள்வி: ஜெர்மனியில் கட்டணம் இல்லையாமே?

பதில்: பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் இல்லை. ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் நம்மவர்களுக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ. விசாவுக்கு ஓராண்டுச் செலவாக 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் (மாதாமாதம் குறிப்பிட்ட தொகை மட்டுமே எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு) காட்ட வேண்டும். செலவுக்கும் அந்தப் பணம்தான். நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்து ஜெர்மன் தரப்பு தரும் ஏ.பி.எஸ். சான்றிதழும் விசாவுக்கு வேண்டும், அதற்கு முன்னதாகவே விண்ணப்பியுங்கள்.

கேள்வி: எம்.எஸ்சி. இரண்டாமாண்டு படிக்கிறேன். பி.எஸ்சி. கடனுக்கு இரண்டு தவணை தவறிவிட்டது.

பதில்: தம்பி, இந்த வாரமே கிளைக்குப் போங்கள். நிலுவை 90 நாளைத் தாண்டினால் வாராக் கடன் ஆகிவிடும். கூட்டுக் கடன்தாரரான அப்பாவின் சிபில் மதிப்பும் (கடனை ஒழுங்காக அடைப்பவரா என்று காட்டும் மதிப்பெண்) விழும். கல்லூரியிலிருந்து படிப்புச் சான்று, எம்.எஸ்சி. சேர்க்கைக் கடிதம் இரண்டையும் வைத்து, தவணையை ஒத்திவைக்க எழுத்தில் மனு கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்கு முத்திரையிட்ட நகல் வாங்குங்கள். மேலாளர் வாயால் "சரி" என்றால் போதாது, அவர் மாற்றலாகிப் போய்விடலாம். ஒத்திவைத்தாலும் வட்டி ஓடும் என்பதால், முடிந்த மாதங்களில் வட்டியையாவது கட்டிவிடுங்கள்.