ஒன்பது விமானங்களில் எத்தனை கடலின் மேல் இருக்கும்?

கேள்வி: கடல் ரோந்து விமானங்களைக் குறைத்து, நீர்மூழ்கிகளைத் தேடும் பணியைச் செய்மதிகளிடமும் ஆளில்லா விமானங்களிடமும் ஒப்படைக்கலாம் என்ற கூற்றை என் மாணவர்கள் விவாதத்தில் மறுக்க வேண்டியுள்ளது. ஒரு நாட்டிடம் உள்ள விமானங்கள் போதுமா என்பதை அவர்கள் எப்படிக் கணக்கிடுவது? (உயர்தர வகுப்பு ஆசிரியர், ஹட்டன்)

பதில்: தேயிலைத் தோட்டத்தின் பெயர்ப் பதிவேடான செக்றோலில் எத்தனை பெயர் இருக்கிறது என்பதைக் கொண்டு அன்றைய கொழுந்தின் நிறையைச் சொல்ல முடியாது, மலைக்கு வந்தவர்களைத்தான் எண்ண வேண்டும் என்பது உங்கள் மாணவர்களுக்குத் தெரிந்ததே. விமானக் கணக்கையும் அங்கிருந்தே தொடங்கச் சொல்லுங்கள்.

நீர்மூழ்கிகளைத் தேடும் கடல் ரோந்து விமானமான பி-8ஏ பொசைடன் 1,200 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 2,200 கிலோமீற்றர் சென்று, அங்கே சுமார் 4 மணித்தியாலம் தேடிவிட்டுத் திரும்பக்கூடியது. அந்தத் தொலைவிலுள்ள ஒரே பகுதியை இரவு பகலாகக் கண்காணிக்க நாளொன்றுக்கு 6 பறப்புகள் தேவை. ஒவ்வொரு விமானமும் நாளுக்கு ஒருமுறை பறக்கும் என்றும், மூன்றில் ஒரு பங்கு பராமரிப்பிலும் பயிற்சியிலும் இருக்கும் என்றும் வைத்துக்கொண்டால், அந்த ஒரு பகுதிக்கே 9 விமானங்கள் வேண்டும். பிரித்தானியா வாங்கியிருப்பதும் 9 தான். இந்த அனுமானங்களை மாற்றிப் போட்டு மாணவர்களே மீண்டும் கணக்கிடட்டும். விடை எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பதே அவர்களுடைய வலுவான சான்றாகும்.

விமானம் ஏன் இடைவிடாமல் மேலே இருக்க வேண்டும்? விமானம் கடலில் போடும் ஒலிமிதவைகள் நீருக்கடியில் கேட்பதை வானொலி அலையாக மேலே அனுப்புகின்றன. அதைக் கேட்க மேலே யாரும் இல்லாவிட்டால் தடம் அறுந்துபோகும். மணிக்கு 8 கடல் மைல் வேகத்தில் செல்லும் நீர்மூழ்கியை 3 மணித்தியாலம் தவறவிட்டால், அது 24 கடல் மைல் ஆரமுள்ள வட்டத்தில் எங்கும் இருக்கலாம். அந்த வட்டத்தின் பரப்பு சுமார் 1,800 சதுரக் கடல் மைல்.

துறைமுகத்தை விட்டு நீர்மூழ்கி புறப்பட்டுவிட்டதைச் செய்மதி காட்டும், ஆனால் ஆழத்தில் அது செல்லும் வழியைக் காட்டாது. ஆளில்லா விமானங்களைப் பற்றி நேர்மையாகப் பேசச் சொல்லுங்கள்: சீகார்டியன் போன்றவை பரிசோதனைகளில் ஒலிமிதவைகளைப் போட்டுக் காட்டியுள்ளன, நெடுநேரம் பறக்கவும் வல்லவை. எனினும் பொசைடன் நூற்றுக்கும் மேற்பட்ட மிதவைகளோடு டோர்பிடோக்களையும் சுமந்துகொண்டு விரைந்து செல்லும். ஆகவே அவை அதற்குத் துணையாகுமே தவிர மாற்றாகா.

எண்களில் அகப்படாத இழப்பு ஒன்றும் உண்டு, என் பார்வையில் அதுவே பெரியது. பிரித்தானியா 2010இல் நிம்ரொட் என்ற தன் கடல் ரோந்து விமானங்களைக் கைவிட்டது. முதல் பொசைடன் 2020இல்தான் அங்கு வந்து சேர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் ஸ்கொட்லாந்துக்கு அப்பால் தேடுவதற்கு நட்பு நாடுகளின் விமானங்களை அழைக்க நேர்ந்தது. கடலின் இரைச்சலுக்குள் ஒரு மெல்லிய ஒலியைப் பிரித்தறியும் காது சில மாதப் பயிற்சியில் வருவதன்று என்பதால், தன் விமானப் பணியாளர்களில் ஒரு பகுதியினரை அமெரிக்கா, அவுஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து ஆகிய நாடுகளின் விமானங்களில் பணிபுரிய அது அனுப்பி வைத்தது. அந்தத் திட்டத்துக்கு அவர்கள் இட்ட பெயரின் பொருள் ‘விதைநெல்’.